கிணற்றடிச் சுவர்ப்பாசியின் இலையை அறுத்துப் பார்த்த கதை

பிரையோஃபைட் (மாஸ் போன்ற, நீர்க்குழாய் இல்லாத சிறு செடிகள்), டெரிடோஃபைட் (பெரணி வகைகள்) பாடம் வந்தாலே பிள்ளைகள் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தை நெட்டுரு போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த இலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கோ அந்தப் பாடத்தில் உயிரே இலைதான். சுவரில் பச்சையாகப் படரும் மாஸ் செடியின் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். அதில் காற்று போய்வரும் இலைத்துளை கிடையாது. தண்ணீரைத் தடுக்கும் கியூட்டிக்கிள் பூச்சும் பெயரளவுக்குத்தான். வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, பிடிமானத்துக்கு வேரிழைகள் மட்டும். சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும் வேலூர்ச் சுவரில் இப்படி ஓர் இலை எப்படி ஒளிச்சேர்க்கை செய்து பிழைக்கிறது? வீட்டில் உள்ளதை வைத்தே இதைப் பார்த்துவிடலாம் என்று இந்த மழைக்காலத்தில் உட்கார்ந்தேன். செய்தது, பார்த்தது, எது எதற்கு என்பதை எல்லாம் எழுதி வைக்கிறேன். ஆசிரியர்கள், பிளஸ் ஒன் பிள்ளைகள், பூதக்கண்ணாடியும் கையுமாகத் திரியும் எவரும் செய்து பார்க்கலாம்.

முதலில் செடிகள். எங்கள் வீடு காட்பாடிப் பக்கம். கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லின் நிழல் விழும் பக்கத்தில், சிமெண்ட்டோடு ஒட்டிக் கரும்பச்சையாக ஒரு மாஸ் அடர்ந்திருக்கிறது. ஹையோஃபிலா இன்வோலூட்டா. நம் ஊர் ஈரச் சுவர்களில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. பூந்தொட்டி மண்ணில் இன்னொன்று, பிரையம் வகை. கிணற்றின் உள்சுவரில் செங்கல் இடுக்கில் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏரிக்கால்வாயில் ஆரைக்கீரை, அதுவும் பெரணி இனம்தான். அறுவடை முடிந்த நெல்வயலின் ஈர மண்ணில் வட்ட வட்டமாக ஒட்டிக் கிடக்கும் ரிக்சியா என்ற தட்டையான பிரையோஃபைட். இவற்றோடு, கொடைக்கானலில் இருக்கும் தோழி தன் வீட்டு மண் சரிவிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டு அனுப்பிய போகொனாட்டம் என்ற மாஸ். மாஸைக் காய்ந்த நிலையில் தபாலில் அனுப்பலாம் என்பதே ஒரு பெரிய வசதி. தண்ணீர் தெளித்தால் சில நிமிடங்களில் இலை விரிந்து அறுக்கத் தயாராகிவிடும்.

வேலூர்க் கோட்டை அகழிச் சுவரிலும் நல்ல பெரணிகள் இருக்கின்றன. ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அங்கே எதையும் சுரண்டக் கூடாது. கண்ணால் பார்ப்பதோடு சரி. ஜவ்வாது மலையும் அப்படித்தான், காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம். வீட்டுச் சுவரும் வயல் வரப்புமே இந்த வேலைக்குத் தாராளம்.

நுண்ணோக்கி, 10 மடங்கு, 45 மடங்கு லென்ஸ் உள்ள சாதாரணப் பள்ளிக்கூட வகை போதும். மாஸ் இலையில் ஒரு சௌகரியம் இருக்கிறது: முழு இலையைப் பார்க்க வெட்டவே வேண்டாம். ஒரு செல் கனம்தான் என்பதால் இலையைப் பிய்த்து ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுக் கவர் ஸ்லிப் மூடினால் ஒவ்வொரு செல்லும், அதற்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை மணிகளான ஒவ்வொரு பசுங்கணிகமும் தெரியும். இதற்கு ஹையோஃபிலாவை எடுக்காதீர்கள். அதன் மேல்பகுதிச் செல்கள் 10 மைக்ரானுக்கும் குறைவு, பச்சையாக அடைத்துக்கொண்டிருக்கும், ஒன்றும் பிரிந்து தெரியாது. பிரையத்தின் செல்கள் நீண்டு பெரிதாக இருப்பதால் பசுங்கணிகங்களை எண்ணவே முடியும். என் தம்பி மகன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல மேல்தோல் எங்க இருக்கு? எல்லாமே பச்சையாதானே இருக்கு" என்றான். சரியான கேள்வி. மா இலையையோ வேப்பிலையையோ அறுத்தால் மேலே நிறமற்ற புறத்தோல், நடுவில் பச்சைத் திசு, கீழே மறுபடி புறத்தோல் என்று வேலைப் பிரிவினை தெரியும். பிரையம் இலையில் தோலும் அந்தச் செல்தான், உணவு தயாரிப்பதும் அந்தச் செல்தான், தண்ணீர் குடிப்பதும் அதுவேதான்.

குறுக்கு வெட்டுதான் கையைப் பழக்க வேண்டிய இடம். கேரட்டைப் பிளந்து நடுவில் வைத்து அறுக்கும் முறை பெரணிக்கும் ஆரைக்கும் சரியாக வரும். மாஸுக்கு அது ஒத்துவராது, இலை கேரட்டுக்குள் நசுங்கிவிடும். மாஸ் ஆராய்ச்சிக்காரர்கள் செய்யும் இரண்டு கண்ணாடி முறைதான் எனக்குப் பிடித்தது. ஈரமான தண்டு ஒன்றை ஸ்லைடின் மேல் படுக்க வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, ஈரம் மட்டும் போதும், இல்லாவிட்டால் இலை மிதந்து ஓடும். அதன் மேல் இன்னொரு ஸ்லைடை வைத்து இடது கை விரலால் அழுத்துங்கள். மேல் ஸ்லைடின் விளிம்பை ஒட்டிப் புது பிளேடால் நேர்கீழாக வெட்டுங்கள். மேல் ஸ்லைடை மயிரிழை அளவு பின்னுக்குத் தள்ளி மறுபடி வெட்டுங்கள். இப்படியே வெட்டிக்கொண்டே போனால் தண்டும் இலைகளும் சேர்ந்து பொடிப்பொடியாகச் சீவல்கள் விழும். நிறைய சீவல்கள் வீணாகத்தான் போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி, 10 மடங்கில் தேடினால் நேராக அறுபட்ட சில துண்டுகள் கட்டாயம் அகப்படும். பிளேடைத் தயங்காமல் மாற்ற வேண்டும். முனை மழுங்கிய பிளேடு இலையை அறுக்காது, இழுக்கும்.

ஹையோஃபிலாவின் நல்ல சீவல் ஒன்று கிடைத்தால் அரை மணி நேரம் அதை விட்டு நகர மனசு வராது. நடுவில் தடித்த நடுநரம்பு. அதற்குள் நடுவரிசையில் பெரிய செல்கள், அதற்கு மேலும் கீழும் சுவர் தடித்த, உட்குழி மிகச் சிறிய செல்களின் பட்டை. இலைக்கு முறுக்கும் விறைப்பும் தருவது அந்தப் பட்டைகள். இரண்டு பக்கமும் நீளும் இறக்கை ஒரே வரிசைச் செல்கள். அந்தச் செல்களின் கீழ்ப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் புடைத்தும் இருக்கிறது. மேல்பரப்பு முழுக்க மேடு பள்ளம்தான். பள்ளங்களில் தண்ணீர் தங்கும், மேட்டின் உச்சி சீக்கிரம் காற்றுக்குத் திறந்துவிடும், அங்கே கார்பன் டை ஆக்சைடு தடையில்லாமல் உள்ளே போகும் என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கீழே வருவதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு அது நியாயமாகவே படுகிறது. போகிற போக்கில் இன்னொன்று: இலைக்கக்கத்தில் நட்சத்திர வடிவச் சிறு மொட்டுகள் சில தண்டுகளில் தெரியும். ஜெம்மா என்பார்கள். இந்த மாஸ் நம் ஊரில் பெரும்பாலும் அதைக்கொண்டுதான் பரவுகிறது. அழகான பொருள், தவறவிடாதீர்கள்.

அடுத்தது இலை காய்வதும் நனைவதும். காய்ந்த ஹையோஃபிலாத் தண்டு ஒன்றைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஸ்லைடில் வைத்து 10 மடங்கில் பாருங்கள். இலையின் இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டு குழாயாகிப் பச்சை முழுக்க உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது நடுநரம்பின் பழுப்பு முதுகு மட்டும். இப்போது தூரிகை நுனியால் ஒரு துளி நீரைத் தண்டின் அடியில் தொடுங்கள். தண்ணீர் தண்டுக்குள்ளே ஏறுவதில்லை, இலைகளுக்கும் தண்டுக்கும் இடையே உள்ள சந்துகள் வழியாக வெளியிலேயே ஏறுகிறது. எட்டிய இலை முதலில் ஒரு முறை அசையும், அப்புறம் நுனியிலிருந்து இரண்டு ஓரங்களும் பிரிந்து தட்டையாக விழும். கண் இமைக்காமல் பார்க்க வேண்டிய காட்சி. கைபேசி கேமராவை ஐபீஸில் வைத்துப் படம் பிடித்தால் வகுப்பில் ஒரு பாடத்தையே அதை வைத்து நடத்தலாம்.

இங்கேதான் பேரம் ஆரம்பமாகிறது. வேரும் குழாயும் உள்ள செடி தண்ணீரைக் கீழிருந்து வாங்கி, மேலே கியூட்டிக்கிளால் மூடி, இலைத்துளை வழியாக மட்டும் காற்றை விடுகிறது. மாஸ் அந்த வசதி எதையும் கட்டிக்கொள்ளவில்லை. இலைப்பரப்பு முழுவதாலும் குடிக்கிறது, அதே பரப்பாலேயே மூச்சும் விடுகிறது. மழை பெய்த அடுத்த நிமிடமே வேலை தொடங்கலாம், மழை நின்றால் காய்ந்து உறங்கலாம். ஆனால் இலைமேல் தண்ணீர் படலமாக நிற்கும்வரை கார்பன் டை ஆக்சைடு அந்தப் படலத்தைக் கடந்துதான் வர வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஆகவே காய்ந்தாலும் வேலை நடக்காது, சொட்டச் சொட்ட நனைந்தாலும் பட்டினிதான். இரண்டுக்கும் நடுவே, செல் முழுக்கத் தண்ணீரும் வெளிப்பரப்பில் காற்றும் இருக்கும் அந்தப் பொழுதில்தான் மாஸ் முழு வேகத்தில் சமைக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்தது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் ஜாடிச் சோதனைக்குப் போனேன்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதையும் குறைவதையும் நிறத்தால் காட்டும் பைகார்பனேட் நிறங்காட்டி தேவை. செய்முறை இது: தைமால் புளூ 0.2 கிராம், கிரெசால் ரெட் 0.1 கிராம், இரண்டையும் 20 மி.லி. எத்தனாலில் கரைக்கவும். சோடியம் பைகார்பனேட் 0.84 கிராமை 900 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, இரண்டையும் சேர்த்து 1 லிட்டராக்கவும். இது மூலக்கரைசல். பயன்படுத்தும்போது ஒன்றுக்குப் பத்தாக நீர்த்து, மீன்தொட்டிக் காற்றுப் பம்பால் மொட்டைமாடிக் காற்றை உள்ளே விட்டு நிறம் நிலைக்கும்வரை ஓட விடவும். வெளிக்காற்றுக்குச் சமமானால் சிவப்பு. கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். குறைந்தால் ஊதா. சாயங்களை எடை போட நகைக்கடைத் தராசு போதாது, பள்ளி ஆய்வகத் தராசில் போட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் ஆள்கள் நிறைய இருக்கும்போது பம்பை ஓட்ட வேண்டாம், மூச்சுக்காற்று சேர்ந்துவிடும்.

ஊறுகாய் ஜாடிகளைக் கழுவிக் காய வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் மாஸ், அதன் பக்கத்தில் ஒரு அகலமான பாட்டில் மூடியில் 3 மி.லி. நிறங்காட்டி. மாஸும் திரவமும் ஒன்றையொன்று தொடக் கூடாது, காற்று வழியாக மட்டுமே செய்தி போக வேண்டும். மூடியின் ஓரத்தில் வாஸ்லின் தடவி இறுக்கினேன். வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.ஈ.டி. பல்பு. பல்புக்கும் ஜாடிக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தட்டில் தண்ணீர், சூடு ஏறாமல் இருக்க. வேலூரில் ஜன்னல் வெயிலை நம்பி இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், ஜாடிக்குள் மாஸ் வெந்துவிடும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். மாஸைச் சுவரோடு பெயர்த்து அப்படியே வைத்தால் அடியில் உள்ள மண்ணின் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டு நிறத்தை மஞ்சளுக்கு இழுக்கும். அடிப்பக்கத்தை வெட்டி எறிந்து, பச்சைப் பகுதியை மட்டும் பலமுறை அலசி எடுங்கள். அலசுவதற்கு எங்கள் போர்வெல் தண்ணீர் உதவாது. உப்புத் தண்ணீர், அதில் கரைந்த பைகார்பனேட்டே கணக்கைக் குழப்பும். பிடித்து வைத்த மழைநீரையே பயன்படுத்தினேன். இன்னொன்று: வாயால் ஜாடிக்குள் ஊதிவிட்டுச் சோதனையைத் தொடங்கும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. நிறமாற்றம் பளிச்சென்று தெரியும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இந்தச் சோதனைக்கு அது கூடாது. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 4 சதவீதம், வெளிக்காற்றில் 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டும். நூறு மடங்கு செறிவு கொடுத்தால் தண்ணீர்ப் படலத்தின் தடையெல்லாம் அடிபட்டுப்போய் நனைந்த மாஸும் நன்றாக வேலை செய்வதாகக் காட்டும். இயல்பான காற்றில்தான் அதன் நிஜக் கஷ்டம் தெரியும்.

ஜாடிகள் நான்கு வகை. ஒன்றில் சொட்டச் சொட்ட நனைந்த மாஸ். இன்னொன்றில் அதே அளவு மாஸை டிஷ்யூ காகிதத்தில் மெல்ல ஒற்றியெடுத்து, இலை விரிந்தபடியே ஆனால் மேல்நீர் இல்லாமல். மூன்றாவதில் காய்ந்தது. நான்காவதில் ஒற்றியெடுத்த மாஸ், ஜாடி முழுக்க அலுமினியத் தாள் சுற்றி. அளவு சமமாக இருக்க, காய்ந்த நிலையில் எடை போட்டுப் பிரித்துவிட்டு அப்புறம் நனைத்தேன்.

ஒற்றியெடுத்த ஜாடிதான் முதலில் ஊதாவுக்குப் போனது, அதுவும் தெளிவாக. நனைந்தது வெகுநேரம் சிவப்பிலேயே நின்று, மெதுவாக நிறம் மங்கி ஊதாவின் பக்கம் சாய்ந்தது. காய்ந்ததில் ஒன்றுமே நடக்கவில்லை, வைத்த சிவப்பு வைத்தபடி. தாள் சுற்றியது ஆரஞ்சு. ஒரே மாஸ், ஒரே வெளிச்சம், ஒரே எடை. இலைமேல் நிற்கும் தண்ணீரை ஒற்றியெடுத்தது மட்டுமே வித்தியாசம். பாடப்புத்தகத்தில் ஒளிச்சேர்க்கைக்குத் தண்ணீர் தேவை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோமே, அதே தண்ணீர் குறுக்கே நிற்கவும் செய்யும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

காய்ந்து கிடந்த மாஸை நனைத்து, ஒற்றி, உடனே ஜாடியில் வைத்தால் வேறொரு கதை. முதலில் நிறம் ஆரஞ்சுப் பக்கம் நகர்கிறது. வெளிச்சத்தில் இருந்தும் மூச்சு வேகமாக ஓடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சிவப்பு, அதன் பிறகே ஊதா. காய்ந்தபோது கலைந்துபோன சவ்வுகளையும் புரதங்களையும் சீர் செய்ய மாஸ் சேமிப்பைச் செலவழிக்கிறது. அந்தக் கடனை அடைத்த பிறகுதான் வரவு. இதைப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கோடையில் இங்கே வரும் தூறல். மண்வாசனை வந்து நின்றுவிடும், சுவர் பத்தே நிமிடத்தில் காய்ந்துவிடும். அந்தத் தூறல் மாஸுக்கு நல்லதா? அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் பாலைநிலத்து மாஸ் ஒன்றின் மேல் கோடையில் அடிக்கடி 1.2 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன மழையைச் செயற்கையாகப் பெய்வித்துப் பார்த்து, அந்த மாஸ் வேகமாக அழிந்ததை 2012-ல் வெளியிட்டார்கள். முழுக்க நனையாமலும் முழுக்கக் காயாமலும் கடனை வாங்கிக்கொண்டே இருந்தது அந்த மாஸ், அடைக்கும் முன் வெயில் வந்துவிட்டது. காய்ந்த மாஸ் வெயிலைத் தாங்கிவிடும். ஈரமான மாஸ்தான் சூட்டில் சாகும்.

இனி மற்ற செடிகள். கிணற்றுப் பெரணியின் இலையைக் கேரட்டில் வைத்து அறுத்தால் நமக்குப் பழக்கமான கட்டமைப்பு: மேல்தோல், பல அடுக்குப் பச்சைத் திசு, இடையில் காற்றறைகள், கீழ்த்தோல். நிறமற்ற நெயில் பாலிஷைத் தடவிக் காயவிட்டு, ஒட்டுநாடாவால் உரித்து ஸ்லைடில் ஒட்டினால் இலைத்துளை அச்சு விழும். டெரிஸில் அச்சு கீழ்ப்பக்கத்தில் மட்டும்தான். அறுத்த துண்டில் இன்னொன்றும் பாருங்கள், புறத்தோல் செல்களிலும் பசுங்கணிகம் இருக்கும். பெரணிகளுக்கு அது வழக்கம். நிழலில் வாழ்பவைக்குக் கிடைத்த வெளிச்சத்தை வீணாக்க முடியாது. அடுத்து இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நரம்புகளைக் கவனியுங்கள். நடுநரம்பிலிருந்து ஓரம் வரை ஒன்றோடொன்று சேராமல் ஓடும். பக்கத்தில் ஓர் அரச இலையை வைத்துப் பார்த்தால் வலைப்பின்னலாக எத்தனை நரம்பு என்பது தெரியும். ஒரு சதுர மில்லிமீட்டரில் நரம்பின் நீளம் பூக்கும் தாவரங்களில் சராசரியாக 8 மில்லிமீட்டர், மற்றவற்றில் 2 மில்லிமீட்டர் அளவுதான் என்று அளந்திருக்கிறார்கள். நரம்பு குறைந்தால் இலைக்குத் தண்ணீர் வரத்தும் குறைவு, இலைத்துளையை அகலத் திறந்து வைக்கவும் முடியாது. பெரணி நிழலிலும் கிணற்று ஈரத்திலும் தங்கிவிட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆரைக்கீரைக்கு நெயில் பாலிஷ் முறையைத் தனியாகச் செய்து பாருங்கள், அதன் பெருமை தெரியும். கரையில் மண்ணில் நின்ற இலையில் இரு பக்கமும் இலைத்துளை. அதே செடியின் தண்ணீரில் மிதக்கும் இலையில் மேல்பக்கம் மட்டும். கீழ்ப்பக்கம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே துளை வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. குழம்புக்கு ஆய்ந்து வைத்த கீரையிலிருந்தே இரண்டு இலையை எடுத்து இதைச் செய்யலாம்.

ரிக்சியாவை நான் குறைவாக மதித்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லோரும் மதிப்பதில்லை. வயலில் காசு அளவுக்குக் கிடக்கும் பச்சைத் தட்டு, அவ்வளவுதானே என்று தாண்டிப் போகிறார்கள். அதைக் கேரட்டில் வைத்து நிமிர்த்தி அறுத்தால், மேல்பாதியில் பச்சைச் செல்கள் தூண் தூணாக நிற்பதும், தூண்களுக்கு நடுவில் மேலே திறந்த ஒடுங்கிய காற்றுச் சந்துகள் இறங்குவதும் தெரியும். கீழ்ப்பாதி நிறமற்ற சேமிப்புத் திசு. இலைத்துளை இல்லாமலேயே காற்றை உடலுக்குள் கொண்டுபோகும் வழி அது. அதன் உறவான மார்கான்ஷியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், பீப்பாய் வடிவத் துளையும் அதற்குக் கீழே அறையும் அறைக்குள் பச்சை இழைகளும் உண்டு. ஆனால் அந்தத் துளையை இலைத்துளை போலத் திறந்து மூடும் காவல் செல்கள் அங்கே இல்லை. ஹார்ன்வொர்ட் என்ற இன்னொரு பிரையோஃபைட் கூட்டம் இந்தச் சிக்கலைக் கட்டடத்தால் தீர்க்காமல் பசுங்கணிகத்துக்குள்ளேயே தீர்த்துவைத்திருக்கிறது. அவற்றில் பலவற்றின் பசுங்கணிகத்தில் பைரினாய்டு என்ற பகுதி இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடை அங்கே செறிவாகக் குவித்துக்கொள்ள முடியும். நிலத்தாவரங்களில் பைரினாய்டு வைத்திருப்பது அவை மட்டுமே.

கடைசியாக, கொடைக்கானல் போகொனாட்டம். இதற்காகவே புதுப் பிளேடு ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். இலை ஹையோஃபிலாவைவிடப் பலமடங்கு பெரிது, கையில் விறைப்பாக இருக்கும், இரண்டு கண்ணாடி முறையில் அருமையாக அறுபடும். சீவலைப் பார்த்தால் இலையின் மேல்பரப்பு முழுக்கச் சீப்பின் பற்களாகப் பச்சைச் சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. லேமெல்லா என்பது இவைதான். ஒவ்வொன்றும் ஒரு செல் கனம், சில செல்கள் உயரம். இரண்டு சுவர்களுக்கு இடையே குறுகிய காற்றுச் சந்து. அடிப்பகுதி இலைத்தட்டு தடித்தும் வெளிறியும் கிடக்கிறது, வேலையெல்லாம் இந்தச் சுவர்களில்தான்.

சீவலைத் தண்ணீரில் போட்ட உடனே சந்துகளுக்குள் கறுப்பாகத் தெரிந்தவை காற்றுக் குமிழிகள். ஊசியால் தட்டினாலும் தண்ணீர் உள்ளே புகவில்லை. சுவர்களின் உச்சிச் செல்களில் மெழுகு இருப்பதால் வெளியே மழை பெய்தாலும் உள்ளே காற்று தங்கிவிடுகிறது. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்ட பிறகே குமிழிகள் விட்டுப் போயின. ஆங்கிலேயத் தாவரவியலர் மைக்கேல் ப்ராக்டர், போகொனாட்டம் சேர்ந்த பாலிட்ரைக்கேசி குடும்பத்துக்கு லேமெல்லா எதற்கு என்றே கேட்டு 2005-ல் ஆராய்ந்து எழுதினார். கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகும் பரப்பு இந்தச் சுவர்களால் பெருகுகிறது, அதனால் மற்ற மாஸ்களைவிட அதிக வெளிச்சத்தை இவற்றால் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது என்பது அதன் சாரம். ஒரு செல் கன இலையை விட்டுவிடாமலேயே, அதை நிமிர்த்திப் பக்கம் பக்கமாக நிற்க வைத்து, மற்ற செடிகள் இலைக்குள்ளே வைத்திருக்கும் காற்றறைகளுக்குச் சமமாக ஒன்றை இந்த மாஸ் வெளியே கட்டிக்கொண்டது. இதே குடும்பத்தில்தான் அரை மீட்டர் வளரும் டாசோனியா இருக்கிறது, உள்ளுக்குள் தண்ணீர் ஏற்றும் செல்களோடு.

அதற்கு விலையும் உண்டு. போகொனாட்டத்தின் காய்ந்த தண்டை ஹையோஃபிலாவின் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொடுங்கள். ஹையோஃபிலா விரிந்து முடிந்துவிடும், போகொனாட்டம் அப்போதுதான் அசையத் தொடங்கும். தடித்த இலையைக் கட்டவும் நிறையப் பொருள் செலவு. மலை மூடுபனியில் அந்த முதலீடு திரும்பி வரும். எங்கள் கிணற்றடியில், காலையில் வாளித் தண்ணீர் தெறித்து பத்து மணிக்குள் காய்ந்துவிடும் இடத்தில், மலிவாகக் கட்டி உடனே விரிந்து உடனே சுருளும் இலைதான் கட்டுப்படியாகும். ஹையோஃபிலாவை எளிய செடி, பழைய செடி என்று சொல்லிப் பாடத்தின் ஆரம்பத்தில் வைத்துவிடுகிறோம். என் கண்ணுக்கு அது இந்தச் சுவருக்கென்று கச்சிதமாகக் கணக்குப் போட்ட செடி.

அடுத்த சோதனை பங்குனி சித்திரையில். ஒரே சுவரிலிருந்து எடுத்த ஹையோஃபிலாவை மூன்று மண் ஓட்டில் பிரித்து, மொட்டைமாடியில் ஒரே வெயிலில் வைக்கப் போகிறேன். ஒன்றுக்குத் தண்ணீரே கிடையாது. ஒன்றுக்கு வாரம் ஒருமுறை மாலையில் நன்றாக ஊற ஊற்றுவது, இரவு முழுக்க ஈரம் நிற்கும். மூன்றாவதற்குத் தினமும் உச்சிவெயிலில் தெளிப்பான் பீச்சி ஒரு முறை மட்டும். ஆடி மாதம் மூன்றையும் நனைத்து, ஒற்றி, அதே ஜாடிகளில் வைத்து எது எவ்வளவு வேகமாக ஊதாவாகிறது என்று பார்க்க வேண்டும். யாராவது ஆரணி, குடியாத்தம் பக்கமிருந்து இதையே செய்வதாக இருந்தால் ஓட்டின் அடியில் ஒரு வெப்பமானியையும் வைத்துவிடுங்கள், சுவர்ச் சூட்டை ஒப்பிட உதவும்.